விமானத்துக்குச் செய்த வேகக் கட்டுப்படுத்தி லோரியை ஓட்டுமா?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்னணுப் பெட்டி. அதன் மேல் "100 ஆம்பியர், 12 லித்தியம் கலங்கள் வரை" என்று அச்சிட்டிருக்கிறது. ஆர்சி விமானம் ஒன்றில் மாட்டினால் அது ஆண்டுக் கணக்கில் உழைக்கும். அதே பெட்டியை 5 கிலோ எடையுள்ள ஓர் ஆர்சி லோரியில் மாட்டி ஓட்டுகிறோம். சில நிமிடங்களிலேயே புகை வரக்கூடும். பேட்டரிக் கம்பியில் பொருத்திய மீட்டரைப் பார்த்தால், மின்னோட்டம் 100 ஆம்பியரை ஒரு முறைகூடத் தொட்டிருக்காது. அப்படியானால் பெட்டியில் எழுதியிருந்தது பொய்யா?

பொய் இல்லை, மாணவர்களே. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. அந்தப் பெட்டி விமானத்துக்காகப் பிறந்தது. விமானத்தில் அதற்கு எப்படிப்பட்ட சுமை வரும், எவ்வளவு காற்று வீசும், எப்போது அதிக மின்னோட்டம் பாயும் என்பதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் அந்த 100 என்ற எண்ணை எழுதினார்கள். லோரியில் இவை எல்லாமே தலைகீழ்.

பழைய ஆர்சி விமானத்தின் பாகங்களைக் கழற்றி லோரியில் போட்டுப் பார்க்கலாமா என்ற ஆசை உங்களில் சிலருக்கு வந்திருக்கும். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால், சில நூறு ரிங்கிட் பெறுமானமுள்ள பொருள் எரிவதற்கு முன்பும், லித்தியம் பேட்டரி தீப்பிடிப்பதற்கு முன்பும், அதற்குப் பின்னால் உள்ள இயற்பியலைத் தெரிந்துகொள்வது நல்லது. படிவம் 5 மாணவர்கள் மின்சாரம், மின்காந்தம், மின்னணுவியல் பாடங்களில் படிப்பவை அனைத்தும் இந்த ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன.

கட்டுப்படுத்தி என்ன செய்கிறது?

ஆர்சி வண்டிகளில் இன்று பெரும்பாலும் தூரிகையில்லா மோட்டார்களே இருக்கின்றன. அதன் சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தங்கள் இருக்கும். அசையாத பகுதியில் மூன்று தொகுதிக் கம்பிச்சுருள்கள் இருக்கும். எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தருவது என்பதைச் சரியான வரிசையில் மாற்றிக்கொண்டே இருந்தால், காந்தப்புலம் சுழலும். அதைத் துரத்திக்கொண்டு காந்தங்களும் சுழலும். அந்த வரிசையை மாற்றுவதுதான் வேகக் கட்டுப்படுத்தியின் வேலை. மாஸ்ஃபெட் என்னும் மின்னணுச் சுவிட்சுகள் உள்ளே இருக்கின்றன. அவை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன.

வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால்? மின்னழுத்தத்தை நேரடியாகக் குறைக்க இங்கே வழியில்லை. அதற்குப் பதிலாகச் சுவிட்சை 100 பங்கு நேரத்தில் 25 பங்கு மட்டும் திறந்து வைக்கிறது. மீதி 75 பங்கு மூடி வைக்கிறது. மோட்டாருக்குச் சராசரியாகக் கால் பங்கு மின்னழுத்தம் கிடைக்கிறது. இந்த வெட்டி வெட்டிக் கொடுக்கும் முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புகைக்கான காரணம் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

உயர் மின்னழுத்தம் எதற்கு?

ஒரு பெரிய ஆர்சி லோரி வேகமெடுக்கும்போது 2,000 வாட் ஆற்றல் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லித்தியம் பாலிமர் கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட். 2 கலங்களைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட். 2,000 வாட் பெற வேண்டுமானால் 2,000 ÷ 7.4, ஏறக்குறைய 270 ஆம்பியர் தேவை. அதுவே 10 கலங்களைத் தொடராக இணைத்தால் 37 வோல்ட். தேவைப்படும் மின்னோட்டம் 54 ஆம்பியர்தான்.

ஐந்தில் ஒரு பங்கு என்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். கம்பியிலும் இணைப்பானிலும் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மொத்த மின்தடை 0.01 ஓம் என்று கொள்வோம். 270 ஆம்பியர் பாய்ந்தால் 270 × 270 × 0.01 = 729 வாட் வெப்பமாகப் போகிறது. 54 ஆம்பியர் பாய்ந்தால் 29 வாட்தான். மின்னழுத்தம் 5 மடங்கு கூடினால் வெப்பம் 25 மடங்கு குறைகிறது. மின்வாரியம் ஊர்விட்டு ஊர் மின்சாரம் அனுப்பும்போது லட்சக்கணக்கான வோல்ட்டில் அனுப்புவதும் இதே கணக்கால்தான்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மின்னழுத்தத்தைக் கூட்டினால் லோரி பறக்கும் என்று நினைத்து, பழைய மோட்டாரையே 10 கலங்களோடு இணைத்துவிடுகிறார்கள். மோட்டார்களின் மேல் கேவி என்று ஓர் எண் இருக்கும். 1 வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே அது. 5,000 கேவி மோட்டார் 7.4 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்கு 37,000 சுற்று சுற்றும். அதை 37 வோல்ட்டில் இணைத்தால் கணக்குப்படி 185,000 சுற்று! அதற்கு முன்பே மோட்டார் சிதறிவிடும். 37 வோல்ட்டுக்கு ஏற்றது 1,000 கேவி மோட்டார். சுற்று அதே 37,000தான். ஆனால் ஒவ்வோர் ஆம்பியருக்கும் ஐந்து மடங்கு முறுக்குவிசை கிடைக்கும். உயர் மின்னழுத்தத்தின் நோக்கம் வேகமன்று. அதே வேலையைக் குறைந்த மின்னோட்டத்தில், குறைந்த வெப்பத்தில் செய்வதுதான்.

விமானப் பெட்டி லோரிக்குள் வந்த கதை

2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஆர்சி ஆர்வலர்கள் பலர் பெரிய லோரிகளை மாற்றியமைக்கத் தொடங்கினார்கள். டிராக்சஸ் நிறுவனத்தின் இ-மேக்ஸ் அவற்றுள் ஒன்று. தொடக்கத்தில் அதில் தூரிகையுள்ள இரண்டு மோட்டார்கள் இருந்தன, 7.2 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 14.4 வோல்ட்டில் ஓடியது. நைட்ரோ எரிபொருளில் ஓடிய லோரிகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்தியவர்களும் உண்டு.

தூரிகையில்லா மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் அப்போதுதான் வாங்கக்கூடிய விலைக்கு வந்தன. ஆனால் கார்களுக்கென விற்கப்பட்ட கட்டுப்படுத்திகள் பெரும்பாலும் சில கலங்களுக்கு மேல் தாங்கவில்லை. விமானப் பிரிவிலோ பெரிய மாடல்களுக்காக உயர் மின்னழுத்தக் கட்டுப்படுத்திகள் ஏற்கெனவே கிடைத்தன. கேஸில் கிரியேஷன்ஸ் நிறுவனத்தின் ஃபீனிக்ஸ் எச்வி-110 என்பது 12 கலங்கள் வரை, அதாவது 50 வோல்ட் வரை தாங்கும். கடையில் இருப்பதைக் கொண்டு வேலையை முடிப்பவன்தானே கைவினைஞன்! ஆர்வலர்கள் அவற்றை வாங்கி லோரியில் மாட்டினார்கள். சிலருக்கு அருமையாக ஓடியது. சிலருக்கு எரிந்தது. இந்த வேறுபாடு அதிர்ஷ்டத்தால் வந்ததன்று.

விசிறியும் சக்கரமும்

விமான மோட்டாரின் சுமை அதன் முன் விசிறி. மேசை விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், எதிர்ப்பே இருக்காது. காற்றைத் தள்ளத் தேவைப்படும் முறுக்குவிசை, சுற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் முறுக்குவிசை கால் பங்காகிறது. ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிறது. எனவே விமானத்தில் அதிக மின்னோட்டம் பாய்வது ஒரே ஓர் இடத்தில்தான்: முழு வேகத்தில். பாதி வேகத்தில் கட்டுப்படுத்தி கிட்டத்தட்ட ஓய்வெடுக்கிறது.

லோரிக்கு வருவோம். 5 கிலோ எடை, நான்கு பெரிய ரப்பர் சக்கரங்கள், புல்தரை. நின்றிருக்கும் வண்டியைக் கிளப்பும் அந்த முதல் நொடியில்தான் முறுக்குவிசை மிக அதிகமாகத் தேவை. முறுக்குவிசை வேண்டுமென்றால் மின்னோட்டம் வேண்டும். ஆக, மிகக் குறைந்த வேகத்தில் மிக அதிக மின்னோட்டம்! விமானத்துக்கு நேர் எதிர். அதிலும் லோரி ஓட்டுபவர் சும்மா இருப்பாரா? கிளப்புவார், நிறுத்துவார், திருப்புவார், மறுபடியும் கிளப்புவார். விமானத்தில் பறப்பு முழுவதிலும் ஒரு முறை நடப்பது, லோரியில் நிமிடத்துக்கு இருபது முறை நடக்கும்.

மீட்டர் காட்டாத மின்னோட்டம்

இப்போது அந்த மீட்டர் விவகாரத்துக்கு வருவோம். என் கணிப்பில், இந்தத் துறையில் அதிகப் பேரை ஏமாற்றுவது இதுதான்.

கட்டுப்படுத்தி 25 பங்கு நேரம் மட்டும் சுவிட்சைத் திறந்து வைத்திருக்கிறது. பேட்டரியிலிருந்து செல்லும் சராசரி மின்னோட்டம் 20 ஆம்பியர் என மீட்டர் காட்டுகிறது. மோட்டாரில் பாய்வது எவ்வளவு? 20 என்று சொன்னால் தவறு. கம்பிச்சுருளுக்கு ஒரு குணம் உண்டு: தன்னுள் பாயும் மின்னோட்டம் திடீரென நிற்பதை அது விரும்பாது. சுவிட்சு மூடிய 75 பங்கு நேரத்திலும் சுருளில் மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்துகொண்டே இருக்கும். பேட்டரியிலிருந்து வராமல், கட்டுப்படுத்தியின் கீழ்வரிசைச் சுவிட்சுகள் வழியாகச் சுற்றி வரும். மோட்டாரில் பாயும் மின்னோட்டம் ஏறக்குறைய 80 ஆம்பியர்! பேட்டரி தருவதைப் போல நான்கு மடங்கு.

இது மாயமன்று, ஆற்றல் காப்பு விதிதான். பேட்டரிப் பக்கம் 37 வோல்ட்டில் 20 ஆம்பியர். மோட்டார்ப் பக்கம் 9.25 வோல்ட்டில் 80 ஆம்பியர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 740 வாட், 740 வாட். மின்னழுத்தத்தைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டும் மின்மாற்றியைப் போலவே கட்டுப்படுத்தியும் நடந்துகொள்கிறது.

சுவிட்சு மூடியிருக்கும் நேரத்தில் அந்த 80 ஆம்பியர் எந்த வழியாகச் செல்கிறது என்பது அடுத்த கேள்வி. மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே ஒரு டையோடு அமைந்திருக்கிறது. பழைய விமானக் கட்டுப்படுத்திகள் பலவற்றில் மின்னோட்டம் அந்த டையோடு வழியாகவே செல்லும். டையோடு தன் பங்குக்கு 0.8 வோல்ட் அளவு விழுங்கிவிடும். 80 × 0.8 × 0.75 = 48 வாட். ஒரு பற்றவைப்புக் கோலின் வெப்பம் அந்தச் சிறிய பெட்டிக்குள்! முழு வேகத்தில் சுவிட்சு எப்போதும் திறந்தே இருப்பதால் இந்த இழப்பு கிடையாது. 0.002 ஓம் தடையுள்ள மாஸ்ஃபெட் முழுதாகத் திறந்திருக்கும்போது, அதே 80 ஆம்பியருக்கு 12.8 வாட் வெப்பம்தான் வரும்.

புரிகிறதா? விமானத்தில் பாதி வேகம் என்றால் ஓய்வு. லோரியில் பாதி வேகம் என்றால் கடும் உழைப்பு. அதுவும் மீட்டருக்குத் தெரியாத உழைப்பு.

கார்களுக்கென வடிவமைத்த நல்ல கட்டுப்படுத்திகள் அந்த 75 பங்கு நேரத்தில் கீழ்வரிசை மாஸ்ஃபெட்டையும் திறந்துவிடுகின்றன. மின்னோட்டம் டையோடைத் தவிர்த்து, தடை குறைந்த வழியில் செல்கிறது. இப்போது வரும் டிரோன், விமானக் கட்டுப்படுத்திகள் பலவும் இப்படிச் செய்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பெட்டியை எடுத்து மாட்டுபவர்கள்தான் கவனிக்க வேண்டியவர்கள்.

இதோடு உயர் மின்னழுத்தத்துக்கும் ஒரு விலை உண்டு. அதிக வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட்டுக்குப் பொதுவாகத் தடையும் அதிகம். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் வீணாகும் ஆற்றல், மின்னழுத்தம் கூடக் கூடக் கூடும். 12 கலம் தாங்கும் பெட்டியை 12 கலத்தில் ஓட்டுவது, அதைத் தன் எல்லையில் நிறுத்தி வைப்பதற்குச் சமம். அனுபவசாலிகள் 10 கலத்தோடு நிறுத்திக்கொள்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. முழுதாக ஏற்றிய கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட், 12 கலங்கள் சேர்ந்தால் 50.4. "50 வோல்ட் வரை" என்ற எல்லை அங்கேயே முடிந்துவிடுகிறது.

நின்ற மோட்டார் திக்குவது ஏன்?

காந்தங்கள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல் எந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுப்பது? சில கார் மோட்டார்களில் ஹால் உணரிகள் இருக்கின்றன. அவை காந்தத்தின் இடத்தைப் பார்த்துச் சொல்லிவிடும். விமான மோட்டாரில் வழக்கமாக அவை இல்லை. சுழலும் காந்தம் சுருளில் உண்டாக்கும் எதிர் மின்னியக்கு விசையை அளந்துதான் கட்டுப்படுத்தி இடத்தைக் கண்டுபிடிக்கிறது. மோட்டார் நின்றிருந்தால் அந்த விசை பூஜ்யம். கட்டுப்படுத்திக்குக் கண் தெரியாது.

ஆகவே முதல் சில சுற்றுகளுக்கு அது குருட்டாம்போக்கில் காந்தப்புலத்தைச் சுழற்றுகிறது. மோட்டார் பின்தொடரும் என்று நம்புகிறது. விசிறி எளிதில் பின்தொடரும். 5 கிலோ லோரியோ உடனே நகராது. புலம் முன்னே ஓடிவிடும், காந்தம் பின்தங்கும், பிறகு எதிர்ப்பக்கம் இழுக்கப்படும். வண்டி முன்னும் பின்னுமாகத் திக்கித் திணறும். அந்தத் திணறலின்போது எதிர் மின்னியக்கு விசை இல்லாததால் மின்னோட்டத்தைத் தடுக்கச் சுருளின் சிறிய மின்தடை மட்டுமே இருக்கிறது. ஆம்பியர் எகிறும். திக்கும் லோரியின் டிரிகரை இன்னும் அழுத்திப் பிடிப்பது, அடிபட்ட காலில் ஓடச் சொல்வதற்கு ஒப்பானது. விட்டுவிட வேண்டும்.

தீர்வு மின்னணுவியலில் இல்லை, பற்சக்கரத்தில் இருக்கிறது. மோட்டார் தண்டில் உள்ள சிறிய பற்சக்கரத்தை இன்னும் சிறியதாக மாற்றினால், மோட்டார் அதிகம் சுற்றி வண்டியைக் குறைவாக நகர்த்தும். உச்ச வேகம் குறையும்; ஆனால் கிளப்புவது எளிதாகும், மின்னோட்டம் குறையும். மலைச்சாலையில் மிதிவண்டியின் கியரை மாற்றுகிறோமே, அதேதான். விமானப் பெட்டியை லோரியில் வெற்றிகரமாக ஓட்டியவர்கள் பலர் செய்த முதல் காரியம் இதுவே.

காற்றில்லா அறை

விமானத்தில் விசிறிக்குப் பின்னால் கட்டுப்படுத்தி உட்காரும். அது வேலை செய்யும்போதெல்லாம் விசிறி காற்று வீசுகிறது. முழு வேகத்தில், அதிகம் சூடாகும் நேரத்தில், காற்றும் அதிகம். இலவசக் குளிரூட்டி!

லோரியில் அதே பெட்டி பிளாஸ்டிக் மேற்கூட்டுக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கிறது. சேறு, தூசி படாமல் இருக்கச் சிலர் பலூனில் போட்டும் கட்டுவார்கள். வெளியே நம் ஊர் வெயில் 33 பாகை. தார்த்தரை அதைவிடச் சூடு. விமானக் கட்டுப்படுத்திகளில் எடையைக் குறைக்க வெப்பம் கடத்தும் உலோகத் தகட்டை மெல்லியதாகவே வைத்திருப்பார்கள். கார்க் கட்டுப்படுத்திகளில் துடுப்புத் துடுப்பாகப் பெரிய அலுமினியமும் சிறு மின்விசிறியும் இருக்கும். அந்த இரண்டையும் விமானப் பெட்டிக்கு நாம்தான் சேர்க்க வேண்டும்.

நிறுத்த முடியாத வண்டி

விமானத்துக்குப் பிரேக்கும் தேவையில்லை, பின்னோக்கிச் செல்லவும் தேவையில்லை. எனவே பழைய விமானக் கட்டுப்படுத்திகளில் இரண்டும் கிடையாது. விசிறி சுற்றாமல் நிறுத்தி வைக்கும் ஒரு வசதி சிலவற்றில் இருக்கும். அதை வண்டி பிரேக் என்று நம்ப வேண்டாம். அது அழுத்தும் அளவுக்கேற்ப மெல்லப் பிடிக்கும் பிரேக் அன்று.

இதைவிட ஆபத்தானது ரிமோட்டின் மொழி. ரிமோட்டின் கட்டளை, வினாடிக்கு ஏறக்குறைய 50 துடிப்புகளாகக் கட்டுப்படுத்தியை அடைகிறது. ஒவ்வொரு துடிப்பின் நீளமும் 1 முதல் 2 மில்லிவினாடி வரை இருக்கும். விமானத்தில் 1 என்றால் நிறுத்தம், 2 என்றால் முழு வேகம். காரில் 1.5தான் நிறுத்தம், அதற்கு மேலே முன்னோக்கி, கீழே பிரேக். கார் ரிமோட்டின் டிரிகரிலிருந்து விரலை எடுத்தால் 1.5 போகும். விமானப் பெட்டி அதைப் பாதி வேகம் என்று புரிந்துகொள்ளும்!

நல்லவேளையாக, பேட்டரியை இணைத்தவுடன் நிறுத்தக் கட்டளை வந்தால்தான் விமானக் கட்டுப்படுத்தி விழித்துக்கொள்ளும். பாதி வேகக் கட்டளை வந்தால் மோட்டாரைத் தொடாது. இந்தப் பாதுகாப்பை ஏமாற்ற, டிரிகரைப் பிரேக் பக்கம் தள்ளிப் பிடித்துப் பேட்டரியை இணைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதன் பிறகு விரலை எடுத்தால் வண்டி பாய்ந்து ஓடும். சிறு பிள்ளைகள் நிற்கும் இடத்தில் 5 கிலோ எடை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரியான வழி, கட்டுப்படுத்திக்கு எல்லைகளைக் கற்பிப்பது. கையேட்டில் உள்ளபடி, விரல் எடுத்த நிலையான 1.5ஐ நிறுத்தம் என்றும், முழுதாக இழுத்த நிலையான 2ஐ முழு வேகம் என்றும் பதிய வைக்க வேண்டும். அப்போது 1.5க்குக் கீழே எது வந்தாலும் அதற்கு நிறுத்தம்தான். பிரேக்குக்கு? நைட்ரோ லோரிகளில் எஞ்சினை வைத்துப் பிரேக் பிடிக்க முடியாது. தட்டுப் பிரேக் ஒன்றை சர்வோ மோட்டார் இழுக்கும். லோரியை மின்சாரத்துக்கு மாற்றியவர்கள் அந்தத் தட்டுப் பிரேக்கை அப்படியே விட்டுவைத்தார்கள். ரிமோட்டின் அதே கட்டளையை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கட்டுப்படுத்திக்கும் மற்றதைப் பிரேக் சர்வோவுக்கும் கொடுத்தார்கள். 1.5க்கு மேலே போனால் மோட்டார் கேட்கும். கீழே போனால் பிரேக் பிடிக்கும். எளிமையான யோசனை. எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ஹெலிகாப்டருக்கான சீர்வேக அமைப்பு பெட்டியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். சுற்று குறைந்தால் தானாக ஆற்றலைக் கூட்டும் அமைப்பு அது. சுவரில் முட்டி நிற்கும் லோரியில் அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

தீப்பொறி, நீண்ட கம்பி, 5 வோல்ட்

10 கலப் பேட்டரியை முதன்முதலாக இணைப்பவர்கள் "படார்" என்ற சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிடுவார்கள். கட்டுப்படுத்தியில் உள்ள மின்தேக்கிகள் ஒரே கணத்தில் நிரம்புவதால் வரும் தீப்பொறி அது. மின்தேக்கியில் சேரும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 8.4 வோல்ட்டில் 0.035 ஜூல் ஆற்றலைத்தான் சேர்க்கும்; 42 வோல்ட்டில் 0.88 ஜூல். மறுபடியும் 25 மடங்கு! ஒவ்வொரு தீப்பொறியும் இணைப்பானின் தங்கப் பூச்சை அரிக்கிறது. 50 ஓம் மின்தடை ஒன்றின் வழியாக முதலில் ஒரு நொடி இணைத்துவிட்டுப் பிறகு நேரடியாக இணைத்தால், மின்னோட்டம் 1 ஆம்பியரைத் தாண்டாது, சத்தமும் வராது.

அந்த மின்தேக்கிகளுக்கு இன்னோர் எதிரி கம்பியின் நீளம். விமானத்தில் பேட்டரி அருகிலேயே இருக்கும். லோரியில் எடையைச் சமன்செய்ய இரு பக்கமும் பேட்டரிகளை வைத்து நீண்ட கம்பியால் இணைக்கிறார்கள். நீண்ட கம்பியும் ஒரு சுருள் போல நடந்துகொள்ளும். சுவிட்சு மூடும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் துள்ளும். அந்தத் துள்ளலை உறிஞ்சுவது மின்தேக்கியின் வேலை. வேலை அதிகமானால் அது சூடாகி உப்பி வெடிக்கும். கம்பியைக் குறைக்க வேண்டும்; முடியாவிட்டால் கட்டுப்படுத்தியின் அருகில் மின்தேக்கிகளைக் கூட்ட வேண்டும்.

சிறிய கட்டுப்படுத்திகள் ரிமோட் வாங்கிக்கும் சர்வோவுக்கும் தேவையான 5 வோல்ட்டைத் தாமே தந்துவிடும். உயர் மின்னழுத்தப் பெட்டிகள் பெரும்பாலும் தருவதில்லை. 42 வோல்ட்டைச் சாதாரண முறையில் 5 ஆக்கினால், 1 ஆம்பியருக்கே 37 வாட் வெப்பமாகப் போய்விடும். அதனால் தனியாக ஒரு சிறிய பேட்டரியோ, வெட்டி வெட்டிக் குறைக்கும் வகை மின்னழுத்தக் குறைப்பானோ தேவை. "ஆப்டோ" என்று பெயரிட்ட பெட்டிகளில் இன்னோர் அழகும் இருக்கலாம்: ரிமோட் கட்டளை கம்பி வழியாக உள்ளே போவதில்லை. ஒரு சிறிய ஒளியுமிழ் டையோடு அந்தக் கட்டளையை ஒளியாக மாற்றுகிறது. எதிரே உள்ள ஒளியுணரி அதைப் படிக்கிறது. 42 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையே மின்தொடர்பே இல்லை.

சரி, செய்யலாமா?

இன்று அந்தத் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. டிராக்சஸ் எக்ஸ்-மேக்ஸ் போன்ற லோரிகள் 8 கலங்களுக்கான கட்டுப்படுத்தியோடு கடையிலேயே கிடைக்கின்றன. புதிதாக வாங்குபவர்கள் தரைக்கென்றே செய்த பெட்டியை வாங்குங்கள் என்பதே என் கருத்து. கையில் ஏற்கெனவே ஒரு விமானப் பெட்டி இருந்து, தெரிந்த பெரியவர் ஒருவர் உடன் இருந்தால், 4 அல்லது 6 கலங்களில், சிறிய பற்சக்கரத்தோடு, பெட்டியின் எண்ணில் பாதியைத்தான் நம்புவது என்ற முடிவோடு முயன்று பார்க்கலாம். 10, 12 கலங்கள் பள்ளி மாணவர் தனியே தொடும் பொருளன்று. மோதிரமோ உலோகக் கைக்கடிகாரமோ இரு முனைகளையும் தொட்டுவிட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

முதல் சோதனையில் சக்கரங்களைத் தூக்கி வைத்து முழு வேகத்தில் சுற்றாதீர்கள். சுமையில்லாமல் சுற்றும் ரப்பர் சக்கரம் பலூன் போல விரிந்து கிழியக்கூடும். அந்தச் சோதனையில் கட்டுப்படுத்தியைப் பற்றி நீங்கள் எதையும் அறியப் போவதுமில்லை. திறந்த வெளியில் 2 நிமிடம் மெதுவாக ஓட்டி நிறுத்துங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால், கட்டுப்படுத்தி, மின்தேக்கிகள், இணைப்பான்கள், மோட்டார் என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே 2 நிமிடம், இந்த முறை கிளப்பி நிறுத்திக் கிளப்பி ஓட்டி, மறுபடியும் அளந்து பாருங்கள். இரண்டு வரிசை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்த 100 ஆம்பியரில் எவ்வளவு உங்கள் லோரிக்கு உரியது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.